வேலிக்கு உள்ளே கிடைத்த அவகாசம்

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, கழுகுமலை, எட்டயபுரம், குடியாத்தம் வட்டாரங்களின் சிறு தீப்பெட்டி உற்பத்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது. இறக்குமதி மதிப்பு 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்கள் நாட்டுக்குள் வரக்கூடாது என்று 2023 ஜூன் 29 அன்று ஒன்றிய அரசு ஆணையிட்டது. முழு லைட்டருக்கு வழி அடைபட்டதும் உதிரி பாகங்களைக் கொண்டுவந்து இங்கேயே கோத்து விற்றார்கள். 2024 அக்டோபரில் அந்தப் பாகங்களின் இறக்குமதிக்கும் தடை வந்தது. இதற்காக உங்கள் சங்கங்கள் கொடுத்த மனுக்கள் ஒரு பெரிய கட்டு தேறும். 2022 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினும் ஒன்றிய அமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார். பத்து ரூபாய் லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், அதிலும் பெரும்பாலும் பெண்கள், இந்தத் தொழிலை நேரடியாக நம்பியிருக்கிறார்கள் என்பதும் அந்தக் கடிதத்தின் சாரம்.

அந்தத் தடையைக் குறை சொல்ல இந்த மடல் எழுதப்படவில்லை. மழை பொய்த்த ஆண்டிலும் கரிசல் காட்டு வீடுகளில் உலை கொதிக்க வைக்கும் வேலை ஒரு பக்கம், எரிவாயு தீர்ந்ததும் சாக்கடைக்குப் போகும் பிளாஸ்டிக் குப்பி மறுபக்கம் என்றால், எதன் பக்கம் நிற்பது என்பதில் தயக்கமே தேவையில்லை. 2022 ஜூலையில் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பட்டியலில் உறிஞ்சுகுழலும் ஐஸ்கிரீம் குச்சியும் இடம்பெற்றன, லைட்டர் இடம்பெறவில்லை. அது பெரிய விடுபடல்தான். ஆனால், கேட்டதை வாங்கியபின் வரும் கேள்வி வேறு. வேலி போட்டாயிற்று. வேலி நிற்கும் காலத்துக்குள் இந்தத் தொழில் எதைச் செய்து முடிக்கப் போகிறது?

முதலில் விலைக் கணக்கு. 2007-இல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாயான தீப்பெட்டி, பதினான்கு ஆண்டுகள் அதே விலையில் நின்றது. 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய். உயர்த்தாமல் அன்று வேறு வழியில்லை. சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810-க்கும், மெழுகு 58-லிருந்து 80-க்கும், மேல்பெட்டி அட்டை 36-லிருந்து 55-க்கும், அடிப்பெட்டி அட்டை 32-லிருந்து 58-க்கும் ஏறியிருந்த ஆண்டு அது. ஆனால் பெட்டிக்கடையின் முன் நிற்பவருக்கு இந்தப் பட்டியல் தெரியாது. இருபது பெட்டிக்கு இருபது ரூபாய் என்றிருந்தது நாற்பதாயிற்று, பக்கத்தில் தொங்கிய லைட்டர் பத்திலேயே நின்றது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

அதைவிடக் கசப்பான கணக்கு ஒன்று அந்த விலையுயர்வுக்கு உள்ளேயே இருக்கிறது. 600 பெட்டி கொண்ட பண்டலை 270 முதல் 300 ரூபாய் வரை விற்றுக்கொண்டிருந்தவர்கள், இனி 430 முதல் 480 வரை என்று அப்போது அறிவித்தீர்கள். வரியும் வண்டி வாடகையும் தனி. பெட்டிக்கு என்று வகுத்துப் பார்த்தால், 45–50 காசாக இருந்தது 72–80 காசானது. வாங்குபவர் கூடுதலாகக் கொடுத்தது முழுதாக ஒரு ரூபாய். தீப்பெட்டி ஆபீஸுக்கு, அதாவது ஆலைக்கு, அதில் வந்து சேர்ந்தது ஏறத்தாழ முப்பது காசு. அன்றைய 12 விழுக்காடு ஜி.எஸ்.டி.யைச் சேர்த்தாலும் பெட்டி ஆபீஸை விட்டுக் கிளம்பும்போது அதன் விலை 90 காசைத் தாண்டவில்லை. மீதி ஒரு ரூபாய் பத்துக் காசு லாரி, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று வழியிலேயே பிரிந்துபோனது. ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் நடுவில் கடையில் புழங்கும் காசு கிடையாது. தேவைக்கு மேல் ஒரே தாவலாகத் தாவ வேண்டியிருந்ததற்கு அதுவே காரணம். தீப்பெட்டிக்கும் லைட்டருக்கும் நடுவிலான இந்த விலை இடைவெளியை, லைட்டரை அனுப்பும் சீனா உண்டாக்கவில்லை. உண்டான இடைவெளிக்குள் அது நுழைந்துகொண்டது.

இரண்டாவது, வேலியின் வரலாறு. அது உங்கள் தொழிலின் பிறப்பு வரலாறும்கூட.

நூறாண்டுக்கு முன் இந்தியாவில் எரிந்த தீக்குச்சி பெரும்பாலும் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தது. 1922-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு வருவாய்க்காக இறக்குமதித் தீப்பெட்டியின் மீது குரோசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் வரி போட்டது. சரக்கின் விலையையே மிஞ்சிய வரி அது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கொல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பியது அதே காலகட்டத்தில்தான். வானம் பார்த்த பூமியில் ஒரு தொழில் முளைத்ததற்கு அவர்களுடைய துணிச்சல் எவ்வளவு காரணமோ, அந்த வரியும் அவ்வளவு காரணம்.

ஆனால் சுவீடனின் தீப்பெட்டி நிறுவனமான சுவீடிஷ் மேட்ச் வேலிக்கு வெளியே கைகட்டி நிற்கவில்லை. உலகின் பல நாடுகளில் தீப்பெட்டி ஏகபோகத்தைக் கையில் வைத்திருந்த ஐவர் குரூகரின் அந்தப் பேரரசு, 1923-இல் இந்தியாவிலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, சுருக்கமாக விம்கோ. பம்பாய்க்கு அருகே அம்பர்நாத்தில் ஆலை எழுந்தது. வடசென்னையில் மெட்ரோ ரயில் போய் நிற்கும் விம்கோ நகருக்குப் பெயர் தந்ததும் அந்த நிறுவனத்தின் ஆலைதான். வெளியிலிருந்து வந்த போட்டியை நிறுத்திய வரி, அதே போட்டியாளரை உள்ளே அழைத்து வந்து உட்கார வைத்தது. 1928-இல் அந்த வரி பாதுகாப்பு வரியாகச் சட்டமானபோது விம்கோவும் அதன் நிழலில்தான் இருந்தது.

பிறகு சிவகாசி எப்படிப் பிழைத்தது? 1934-இல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தது. பெரிய இயந்திர ஆலைக்கு ஒரு விகிதம், சிறிய கைத்தொழில் ஆலைக்குக் குறைந்த விகிதம் என்று அரசு பிரித்து வைத்த சலுகை, விடுதலைக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது. சாத்தூரிலும் கோவில்பட்டியிலும் நூற்றுக்கணக்கில் ஆபீஸ்கள் தோன்றியது அந்தச் சலுகையின் பலத்தில்தான். அதற்கு ஒரு விலையும் இருந்தது. வளர்ந்தால் சலுகை போய்விடும் என்பதால் வளராமல் இருப்பதே புத்திசாலித்தனமாயிற்று. இயந்திரத்தின் இடத்தில் கை நின்றது, சில ஆபீஸ்களில் குழந்தைகளின் கையும் நின்றது. எம்.சி. மேத்தா தொடுத்த சிவகாசி வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று முதலாளிகளுக்கு உத்தரவிட்ட தீர்ப்பு அது. மலிவாக விற்பதற்காக யாருடைய உழைப்பை மலிவாக்கினோம் என்ற கேள்வியை இந்த வட்டாரம் ஒருமுறை எதிர்கொண்டு பதில் சொல்லியாயிற்று. போட்டி இறுகும்போதெல்லாம் அது திரும்பி வரும் என்பதால் இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. இன்று அது குழந்தைகளைப் பற்றிய கேள்வியாக வராது. பெட்டிக்கணக்குக் கூலியில், வருங்கால வைப்பு நிதியில், இ.எஸ்.ஐ.யில் கைவைக்கும் ஆசையாக வரும்.

2023-க்குப் பிறகு நடந்ததை இந்த வரலாற்றோடு சேர்த்துப் படியுங்கள். முழு லைட்டரைத் தடுத்தால் பாகங்கள் வந்தன. பாகங்களைத் தடுத்தாயிற்று. அடுத்து, இருபது ரூபாய்க்குமேல் மதிப்புக் காட்டி வரலாம். அல்லது பாகங்களையும் இங்கேயே வார்க்கும் ஓர் ஆலை வரலாம். அந்த ஆலையைத் தடுக்க எந்த ஆணையும் கிடையாது, அதற்கு உள்நாட்டு உற்பத்தி என்ற பாராட்டும் கிடைக்கும். அங்கே தயாரான லைட்டர் பெட்டிக்கடையில் தொங்கினால் கோவில்பட்டிக்கு என்ன வேறுபாடு? இறக்குமதி என்பது ஒரு பொருள் வந்து சேரும் வழி. தீக்குச்சிக்குப் போட்டி அந்த வழியோடு இல்லை, லைட்டரோடு.

அந்த லைட்டர் எங்கே, எப்படி உருவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சீனாவின் ஹூனான் மாகாணத்தில் ஷாவ்தொங் என்று ஓர் ஊர். உலகம் பயன்படுத்தி எறியும் லைட்டர்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு அங்கிருந்து வருவதாகச் சொல்லப்படுகிறது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு லைட்டர் ஒரு யுவான் என்ற விலை அங்கே அசையவில்லை. அதற்குள் சீனத் தொழிலாளியின் கூலி பல மடங்கு ஏறிவிட்டது. ஆகவே மலிவுக் கூலி என்ற பழைய விளக்கம் இங்கே செல்லாது. லைட்டர் ஒன்றில் ஏறத்தாழ முப்பது சிறு பாகங்கள். ஒவ்வொன்றையும் செய்ய அதே வட்டாரத்தில் தனித்தனிப் பட்டறைகள் வந்தன. கையால் கோத்த இடங்களில் ஒவ்வொன்றாக இயந்திரம் புகுந்தது. ஒரு காசில் பத்தில் ஒரு பங்கைக்கூட விடாமல் மிச்சம் பிடித்தார்கள்.

சிவகாசிக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. குச்சி கேரளத்திலிருந்து, அட்டை ஓர் இடத்திலிருந்து, மருந்து ஓர் இடத்திலிருந்து, லேபிள் அடுத்த தெருவிலிருந்து என்று ஒரு வட்டாரமே ஒரே ஆலையாக இயங்கியது இங்கேயும்தான். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அச்சடிக்கப் போய்த்தான் சிவகாசி நாட்டின் பெரிய அச்சுநகரங்களில் ஒன்றானது. ஒரு தொழிலின் வயிற்றிலிருந்து இன்னொரு தொழில் பிறந்ததற்கு இதைவிட நல்ல சான்று தமிழ்நாட்டில் குறைவு. அந்த அச்சுத்தொழில் எந்த இறக்குமதித் தடையாலும் பிறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இறக்குமதி வந்து தாக்கும்போது அடி எல்லார் மீதும் சமமாக விழுவதில்லை. பொருளாதார ஆய்வாளர் பெடியா டோபலோவா 1991-க்குப் பிந்தைய இந்தியச் சுங்க வரிக் குறைப்பை மாவட்டம் மாவட்டமாக எடுத்து ஆராய்ந்தார். நாடு முழுவதும் வறுமை குறைந்தது. ஆனால் வரிக்குறைப்பால் அதிகம் பாதிக்கப்பட்ட தொழில்களை நம்பியிருந்த ஊரக மாவட்டங்களில் அது மெதுவாகவே குறைந்தது. வேலை போனவர்கள் வேலை இருக்கும் மாவட்டத்துக்குப் பெருமளவில் பெயர்ந்து போகவும் இல்லை. லைட்டர் மலிவானதால் நாடெங்கும் கோடிக்கணக்கானோருக்குச் சில ரூபாய் மிச்சம். அதன் இழப்பு முழுவதும் நான்கைந்து வட்டங்களில், அதிலும் காலையில் ஆபீஸ் வேன் ஏறிப் போய் அந்தி சாய வீடு திரும்ப வேண்டிய பெண்களின் தலையில் குவிகிறது. பிள்ளையை, மாமியாரை, ஆட்டுக்குட்டியை விட்டுவிட்டுத் திருப்பூருக்கோ சென்னைக்கோ அவர்களால் கிளம்பிவிட முடியாது. வேலிக்கு உண்மையான நியாயம் அந்தப் பெண்கள்தான். ஆகவே வேலி தரும் அவகாசத்தில் முதல் பங்கும் அவர்களுடையது.

வேலி மட்டும் இருந்து வேறெதுவும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நைஜீரியாவின் கடுனா நகரம் இருக்கிறது. 1957-இல் அங்கே முதல் பெரிய நெசவாலை திறந்தது. அதைத் தொடர்ந்து ஆலைகள் பெருகி, வடக்கு நைஜீரியாவின் நெசவுத் தலைநகராகவே கடுனா மாறியது. பின்னர் ஆசியத் துணி வந்து குவிந்தபோது அரசு துணி இறக்குமதிக்குத் தடை போட்டது. தடை ஏட்டில் இருந்தது. துணியோ பெனின் நாட்டுத் துறைமுகத்தில் இறங்கி எல்லையைத் தாண்டி வந்தது. கடுனா ஆலைகளின் வடிவங்களையே பின்பற்றி, அவற்றின் முத்திரையையே போலியாகக் குத்தி வந்த துணிகளும் உண்டு. உள்ளே இருந்த ஆலைகளுக்கு மின்சாரம் நிலையாக இல்லை, டீசல் ஜெனரேட்டரின் செலவு தனி, இயந்திரங்களோ பழையவை. 2007-இல் பெரிய ஆலையான யுனைடெட் நைஜீரியன் டெக்ஸ்டைல்ஸ் மூடப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பின் சுருங்கிய அளவில் திறந்தார்கள், பழைய நிலைக்கு அது திரும்பவில்லை. அங்கே தடை இல்லாமல் தொழில் அழியவில்லை. தடை நடைமுறையில் இருந்த ஆண்டுகளிலேயே அழிந்தது.

வேலியை எந்த இடத்தில் போடுகிறோம் என்பதும் முக்கியம். அதற்கு ஈரோடு, பள்ளிபாளையம் பக்கமே சான்று கிடைக்கும். 2023-இல் விஸ்கோஸ் பஞ்சுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணை வந்தது, 2025 வரை நீடித்தது. வெளிநாட்டுப் பஞ்சு வருவது சிக்கலானது. பஞ்சு உற்பத்தி செய்யும் பெரிய நிறுவனத்துக்கு அது பாதுகாப்பாக இருந்தது. அந்தப் பஞ்சை நூலாக்கும் மில்லுக்கும் நெய்யும் விசைத்தறிக்கும் அது சுமையாக இருந்தது, வேலையாட்கள் அதிகம் இருப்பதோ அந்தக் கடைசி இரண்டு இடங்களில். இந்தியாவின் வரிக்குறைப்பை ஆராய்ந்த இன்னொரு புகழ்பெற்ற ஆய்வின் முடிவும் இதையொட்டியது. மூலப்பொருள் இறக்குமதி எளிதான துறைகளில் நம் ஆலைகள் புதிய பொருட்களைக் கூடுதலாக உருவாக்கின என்றது அது. ஆகவே, லைட்டருக்குத் தடை கேட்கும் சங்கம் அதே மூச்சில் மெழுகு, பாஸ்பரஸ், குளோரேட், அட்டை ஆகியவற்றின் வரி பற்றியும் பேச வேண்டும். அங்கே தடைகள் ஏறினால் வேலி உங்கள் கழுத்தையே சுற்றும்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் தீப்பெட்டி ஆப்பிரிக்க நாடுகளுக்குக் கப்பலேறுகிறது. அந்தத் துறைமுகங்களில் மலிவான வெளிநாட்டுச் சரக்கு நீங்கள்தான். அங்குள்ள அரசுகளும் ஒருநாள் வேலி போடலாம்.

சரி, என்ன செய்வது? உங்களை விடப் பெரிய தீப்பெட்டிக்காரர் என்ன செய்தார் என்று பார்ப்போம். நூறாண்டுக்கு முன் இந்தியாவுக்குள் குதித்த அதே சுவீடிஷ் மேட்ச், 1980களில் கிரிக்கெட் என்ற லைட்டர் வணிகத்தை ஜில்லெட் நிறுவனத்திடமிருந்து விலைக்கு வாங்கியது. தீக்குச்சியால் உலகை ஆண்ட நிறுவனம் லைட்டரைத் திட்டிக்கொண்டிருக்கவில்லை, அதையும் தன் சரக்காக்கிக்கொண்டது. இந்தியத் தீப்பெட்டித் தொழிலில் தன் கையிலிருந்த விம்கோவையும் பின்னர் ஐ.டி.சி. குழுமத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியது.

லைட்டர் இந்த நாட்டில் விற்கத்தான் போகிறது என்றால், திரும்பத் திரும்ப எரிவாயு நிரப்பிப் பயன்படுத்தும் உலோக லைட்டரைக் கோவில்பட்டியில் ஏன் செய்யக்கூடாது? ஊர் ஊராகப் பெட்டிக்கடை வரை சென்று சேரும் விற்பனை வலை இந்தியாவில் தீப்பெட்டிக்காரர்களுக்கு இருப்பதுபோல் வெகுசிலருக்கே இருக்கிறது. எரியும் பொருளைக் கையாளும் உரிமம், பாதுகாப்புப் பழக்கம், பொதி கட்டும் திறமை எல்லாம் கைவசம் உண்டு. லைட்டர் ஆலையில் தீப்பெட்டி ஆபீஸ் அளவுக்கு ஆள் தேவைப்படாது என்பது உண்மை. அதனால்தான் ஒரே பதிலோடு நிற்க முடியாது. பெட்டியும் அச்சும் தெரிந்த வட்டாரம் இது. மருந்துக்கும் இனிப்புக்கும் ஏற்றுமதிச் சரக்குக்கும் அட்டைப்பெட்டி செய்யும் வேலைக்கு, குச்சி அடுக்கிப் பழகிய விரல்கள் போதும். பயிற்சிதான் வேண்டும், அந்தப் பயிற்சிக் காலத்தில் கூலியும் வேண்டும்.

தீப்பெட்டியையும் கைவிட வேண்டியதில்லை. பண்டலுக்கு இத்தனை ரூபாய் என்று ஒருவருக்கொருவர் விலையை வெட்டிக்கொண்டு, மூலப்பொருளை மட்டும் ஆளுக்கொரு மூட்டையாகக் கூடிய விலைக்கு வாங்குவது எந்தக் கணக்கில் சேரும்? பாஸ்பரஸையும் மெழுகையும் சங்கங்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் கிலோவுக்கு இறங்கும் ஒவ்வொரு ரூபாயும் ஆபீஸில் தங்கும். சிறு தொழில் குழுமங்களுக்குப் பொது வசதி மையம் அமைக்க ஒன்றிய அரசின் திட்டம் இருக்கிறது. தனியொருவரால் வாங்க முடியாத இயந்திரத்தை இருபது பேர் சேர்ந்து வாங்க அது வழி. இரண்டு ரூபாயில் ஒரு ரூபாய் பத்துக் காசு வழியிலேயே கரைகிறதே, அதில் இருபது காசை மீட்டால் அது எந்த அரசாணையும் தராத பாதுகாப்பு. பத்துப் பெட்டிக் கட்டாக நேரடியாகப் பலசரக்குக் கடைக்கும் கோயில் கடைக்கும் கொண்டு போவது அதற்கு ஒரு வழி. கற்பூரமும் குத்துவிளக்கும் ஏற்ற இன்னும் தீக்குச்சியைத்தான் தேடுகிறார்கள்.

இவற்றில் எது சரிப்படும், எது சரிப்படாது என்பது இந்த மடலைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒன்றை மட்டும் இந்த மடல் வலியுறுத்திக் கேட்கிறது. டெல்லிக்குப் போகும் அடுத்த மனுவில் லைட்டரின் எண்ணிக்கையோடு இன்னொரு பட்டியலையும் இணையுங்கள்: தடை வந்த 2023-க்கு முன் ஓர் ஆபீஸில் பெண்களுக்கு மாதம் எத்தனை நாள் வேலை கிடைத்தது, இப்போது எத்தனை நாள், கூலி எவ்வளவு, இப்போது எவ்வளவு, எத்தனை பேருக்கு வைப்பு நிதி பிடிக்கப்படுகிறது, எத்தனை பேர் வேறு வேலைக்குப் பயிற்சி பெற்றார்கள். உங்கள் சங்கங்கள் மனது வைத்தால் ஆபீஸ் கணக்கேடுகளிலிருந்து சில வாரங்களில் திரட்டிவிடக்கூடிய பட்டியல்தான். அதை ஆண்டுதோறும் தமிழிலேயே அச்சிட்டு ஆபீஸ் சுவரில் ஒட்டுங்கள், தொழிலாளர்களின் பிரதிநிதிகளை உட்கார வைத்து அதைப் பேசுங்கள். தடையை நீட்டிக்கவோ விலை வரம்பை இருபதிலிருந்து உயர்த்தவோ நீங்கள் மறுபடி டெல்லிக்குப் போகும்போது, அதிகாரி முதலில் கேட்கப்போவது அந்தப் பட்டியலைத்தான்.